செனகல் ஆற்றின் வெள்ளமும் அதன் பங்காளிகளும்

சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பை ஒட்டி, அட்லாண்டிக் கடற்கரையில் தொடங்கிச் செங்கடல் பக்கம் வரை கிழக்கே நீளும் வறள்புல்வெளிப் பட்டை சகேல் எனப்படுகிறது. ஆண்டில் மூன்று மாதமே மழை காணும் இப்பட்டையில் மக்கள் நெருங்கி வாழும் இடங்களுள் பல ஆற்றங்கரைகளே. அந்த ஆறுகளோ அங்கே பெய்யும் மழையை நம்பி ஓடுபவை அல்ல, தெற்கே தொலைவில் உள்ள ஈர மலைகளின் மழையைச் சுமந்து வருபவை. அவற்றுள் ஒன்றான செனகல் ஆறு கினி நாட்டின் பூட்டா ஜலோன் மலைநாட்டில் பஃபிங் என்ற பெயரில் பிறந்து, மாலியின் பஃபூலாபே என்னும் ஊரில் பக்கோய் ஆற்றோடு கூடி, அங்கிருந்து செனகல் என்ற பெயரைப் பெற்று, கூயினா, ஃபேலு ஆகிய அருவிகளில் இறங்கி, பக்கேல் நகருக்குச் சற்று மேலே பலெமே என்னும் கிளையாற்றையும் சேர்த்துக்கொண்டு, சென் லூயி நகருக்கருகே கடலில் கலக்கிறது. பஃபிங்கின் பிறப்பிடத்திலிருந்து கணக்கிட்டால் நீளம் சுமார் 1,800 கிலோமீட்டர். கினி, மாலி, மொரித்தானியா, செனகல் என நான்கு நாடுகளில் பரவிய இதன் வடிநிலம், அதாவது இந்த ஆற்றுக்கு நீர் வடிந்து வரும் மொத்த நிலப்பரப்பு, ஏறத்தாழ மூன்று இலட்சம் சதுர கிலோமீட்டர்.

இந்த ஆற்றின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஓர் அளவை மனத்தில் கொள்வது போதும். பக்கேல் கடலிலிருந்து ஆற்றுவழியே சுமார் 800 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆயினும் அங்குள்ள நீர்மானியின் அடிக்குறி கடல்மட்டத்துக்கு மேல் 11 மீட்டர்தான். சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதால், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ பக்கேலில் உச்சம் காணும் வெள்ளம் அக்டோபரில்தான் போதோர் நகரை எட்டுகிறது. வரும் வழியெல்லாம் கரைகளை மீறி, பத்து முதல் இருபது கிலோமீட்டர் அகலத்துக்குச் சமவெளியில் பரந்து நின்று, பிறகு அதே நிதானத்தோடு வடிகிறது. அவ்வெள்ளத்தில் யாருக்கு எப்போது என்ன உரிமை என்பதைச் சுற்றியே இப்பள்ளத்தாக்கின் அரசியலும் வேளாண்மையும் பல நூற்றாண்டுகளாக அமைந்திருக்கின்றன. பதினோராம் நூற்றாண்டின் அரபுப் புவியியலாளர் அல்-பக்ரி இவ்வாற்றங்கரையில் குறிப்பிடும் தக்ரூர் அரசு நிலைபெற்றிருந்ததற்கும், பிற்காலத்தில் அதே பகுதி ஃபூத்தா தோரோ என்ற பெயரில் சகேலின் செழிப்பான நாடுகளுள் ஒன்றாக எண்ணப்பட்டதற்கும் இந்த மெதுவான வெள்ளமே அடிப்படை.

நடுப்பள்ளத்தாக்கில் வாழும் புலார் மொழியினர் நிலத்தை வெள்ளத்தோடு பொருத்தியே வகைப்படுத்தினர். வெள்ளம் ஏறும் சமவெளி வாலோ. வெள்ளம் எட்டாத, மழையை மட்டும் நம்பிய மேட்டுநிலம் ஜேரி. ஆற்றின் சரிந்த கரையில் நீர் இறங்க இறங்க வெளிப்படும் குறுகிய துண்டு ஃபாலோ. வாலோவுக்குள்ளும் ஆறு தானே வண்டல் குவித்து எழுப்பிய கரைமேடுகள் ஃபோந்தே என்றும், அவற்றுக்குப் பின்னால் நீர் தேங்கும் கனத்த களிமண் தாழ்வுகள் ஹொல்லால்தே என்றும் பிரிந்தன. நீர் தேங்கும் தாழ்வுகளில் கருவேலங்காடு அடர்ந்திருந்தது. தமிழகத்துக் கண்மாய்களுக்குள் நிற்கும் கருவேலமும் இதுவும் ஒரே இனத்தின் இரு வகைகள். வசதியுள்ள குடும்பம் மூன்று வகை நிலத்திலும் கால் வைத்திருந்தது. ஜூலை மழையில் ஜேரியில் கம்பு விதைத்து, அக்டோபரில் அதை அறுத்த கையோடு வாலோவுக்கு இறங்கிச் சோளம் விதைத்தது. ஆற்றோரத் துண்டில் மக்காச்சோளம், அவரை, பூசணி வகைகளைப் பெண்கள் பார்த்துக்கொண்டனர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் தருக்கம்.

வெள்ளம் வடிந்தபின் மண்ணில் எஞ்சிய ஈரத்தை மட்டும் கொண்டு பயிர் வளர்ப்பதை வடிவெள்ளச் சாகுபடி எனலாம். இதில் உழவு இல்லை, பாசனம் இல்லை, எரு இடுவதும் இல்லை. களிமண் சில வாரங்களேனும் நீரில் மூழ்கி அடிவரை நனைந்திருக்க வேண்டும். வடிந்தபின் மேற்பரப்பு காய்ந்து ஓடு கட்டுவதற்குள் விதைத்தாக வேண்டும். ஒருவர் சிறு கொத்தால் மேலோட்டை நீக்கிச் செல்ல, அடுத்தவர் கனமான கூர்க்கழியை ஓங்கிக் குத்தி ஈரம் தங்கியிருக்கும் ஆழம் வரை குழி போட, அவர் பின்னால் வரும் பெண்ணோ சிறுவனோ அக்குழியில் சில சோள மணிகளை, சில வேளை தட்டைப்பயறோடு சேர்த்து, இட்டு உலர்ந்த மண்ணால் மூடிவிடுவது வழக்கம். மேலே மண் மூடியிருப்பதால் ஈரம் ஆவியாகாமல் நிற்கும்; வேர் கீழே இறங்கும் ஈரத்தைத் துரத்திக்கொண்டு இறங்கும். நீர்விளிம்பு பின்வாங்கப் பின்வாங்க விதைப்பும் அதைத் தொடர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். கதிர் முற்றும் காலத்தில் குவேலியா எனப்படும் சிறு தானியக்குருவிகள் கூட்டங்கூட்டமாக இறங்கும் என்பதால் காவல் மட்டும் கடுமையாக இருந்தது. பிப்ரவரி, மார்ச்சில், அதாவது சகேலின் வேறெந்த மூலையிலும் பச்சை தென்படாத மாதங்களில், இங்கே அறுவடை நடந்தது. நல்ல வெள்ளம் வந்த ஆண்டுகளில் ஒரு இலட்சம் ஹெக்டேருக்கு மேல் இப்படி விளைந்தது. வெள்ளம் குன்றிய ஆண்டில் அதில் ஒரு சிறு பகுதியே நனைந்தது.

பரப்பு ஆண்டுக்காண்டு இவ்வாறு மாறியதாலேயே உரிமைகளும் அடுக்கடுக்காக அமைந்தன. காட்டைக் கோடரியால் வெட்டித் திருத்தியவரின் வழியினருக்கும், தீயிட்டுத் திருத்தியவரின் வழியினருக்கும் வெவ்வேறு உரிமைகள் இருந்தன. குலத்தின் பெயரால் நிலத்தை ஆண்ட தலைவர் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வடிந்தபின் எந்தக் குடும்பம் எங்கே விதைப்பது என்று பிரித்துக் கொடுத்தார். உழுகுடிகள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான அசகல் என்னும் இறையையும், நிலம் தந்தை கையிலிருந்து மகன் கைக்கு மாறும்போது மற்றொரு கட்டணத்தையும் செலுத்தினர். நிலமற்றவர் ரெம் பெச்சென் என்னும் வார முறையில் பயிரிட்டு விளைந்ததைப் பகிர்ந்துகொண்டனர். 1776இல் ஃபூத்தா தோரோவின் இஸ்லாமிய மதகுருமார் பழைய தெனியாங்கே அரசமரபை நீக்கி, அல்மாமி என்னும் பட்டத்துடன் அப்துல் காதர் கானை ஆட்சியில் அமர்த்தியபோது, புதிய அரசு செய்த பெரும் பணிகளுள் ஒன்று வாலோ நிலங்களைக் குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் மறுபங்கீடு செய்ததாகும். அந்தப் பங்கீட்டை மேற்கோள் காட்டியே இருபதாம் நூற்றாண்டிலும் நில வழக்குகள் நடந்தன.

வெள்ளம் உழவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சுபல்பே எனப்படும் மீனவர் குலத்தினர் நீரின் மேல் அதிகாரம் உடையவர்களாகக் கருதப்பட்டனர்; முதலையையும் நீர்யானையையும் அடக்கும் மந்திரம் அவர்களிடம் இருப்பதாக நம்பப்பட்டது; அவர்களுடைய பெக்கான் என்னும் பாடல் மரபு அத்தகைய வீரர்களையே பாடியது. வெள்ளம் பரவிய தாழ்வுகளே மீன் குஞ்சு பொரித்து வளரும் இடங்களாதலால், சோளவயலும் மீன்பண்ணையும் ஒரே நிலத்தின் இரு பருவங்களாக இருந்தன. மூன்றாவது பருவம் ஃபுலானி மேய்ப்பர்களுடையது. அறுவடை முடிந்து வயல் திறந்துவிடப்பட்டதும் அவர்களுடைய மந்தைகள் ஜேரியிலிருந்து இறங்கிச் சோளத்தட்டையை மேய்ந்தன. கோடை முழுதும் நின்று விட்டுச்சென்ற சாணமே அடுத்த ஆண்டுக்கு எரு.

இதை ஒரு பொற்காலமாக வரைந்துகாட்டும் எழுத்துகள் உண்டு; அவற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. சிறந்த தாழ்நிலங்கள் உயர்குலங்களின் கையிலேயே இருந்தன; அடிமைகளும் அடிமை வழியினரும் உழைத்தனர், பங்கு பெறுவதில் கடைசியாக நின்றனர். முறை நியாயமானதாக இருக்கவில்லை. ஆனால் ஒரே நீர் பல கைகளுக்கு வரிசையாகப் போய்ச் சேரும் ஒழுங்கு அதில் இருந்தது. பின்னால் வந்த திட்டங்களை அளக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் 1659இல் ஆற்றின் முகத்தில் சென் லூயியை நிறுவியபோது நீரில் அவர்களுக்கு அக்கறை இருக்கவில்லை. அவர்கள் தேடியவை அடிமைகளும், பின்னர் வேலம்பிசினும். வடகரை மூர்கள் கொண்டுவந்த பிசினுக்கு விலையாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலத்துணி கொடுக்கப்பட்டது. அத்துணி புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்து அனுப்பப்பட்டது என்பதும், ஆற்றோரச் சந்தைகளில் அதுவே நாணயமாகப் புழங்கியது என்பதும் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டபின், ஆட்களைக் கடல்கடத்துவதற்குப் பதிலாக அவர்களை அங்கேயே வைத்துப் பருத்தியும் அவுரியும் விளைவிக்கலாம் என்ற எண்ணம் பாரிசில் பிறந்தது. ஆற்றின் கழிமுகப் பகுதியை ஆண்ட வாலோ அரசோடு 1819இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1822 முதல் 1827 வரை ஆளுநராக இருந்த ரோஜே பண்ணைகளை விரிவாக்கினார். அவர் காலத்துத் தோட்டக்கலைஞர் ரிஷாரின் சோதனைத் தோட்டம் இருந்த இடம் இன்றும் ரிஷார் தோல் என்றே அழைக்கப்படுகிறது. 1831 வாக்கில் திட்டம் கைவிடப்பட்டது. உவர்நீர், ஆட்பற்றாக்குறை, மூர்களின் எதிர்ப்பு ஆகியவற்றோடு, நிலத்தை விற்றுவிட்டதாக வாலோ மக்கள் ஒருபோதும் கருதவில்லை என்பதும் தோல்விக்குக் காரணம். வாலோ அரசின் வரலாற்றை எழுதிய பூபக்கர் பாரி இந்தக் கருத்து வேறுபாட்டை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

1855இல் பிரெஞ்சு ஆளுநர் ஃபெதெர்ப் வாலோ அரசை இணைத்துக்கொண்டதும், பின்னர் தாக்காரிலிருந்து இருப்புப்பாதை நைஜர் ஆறு வரை சென்றதும் ஆற்றின் வணிகத்தைப் படிப்படியாக ஒடுக்கின. நிலக்கடலை விளையும் பகுதியே குடியேற்ற அரசின் கண்ணாக ஆனபின் பள்ளத்தாக்கு ஓரங்கட்டப்பட்டது. 1938இல் செனகல் ஆற்று ஆய்வுக்கென ஒரு பணியகம் அமைக்கப்பட்டபின்பே ஆற்றை அளக்கும் வேலை ஒழுங்காக நடந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தோசீனத்து அரிசி வராமல் நின்றதும் ரிஷார் தோலில் சுமார் 6,000 ஹெக்டேர் நெல் திட்டத்துக்கு வழி பிறந்தது. கியேர் ஏரிக்கு நீர் செல்லும் தாவே கால்வாயில் உவர்நீரைத் தடுக்க 1947இல் மதகணை கட்டப்பட்டது. பின்னாளில் தலைநகர் தாக்காருக்கு 1971 முதல் குழாய்வழிக் குடிநீர் சென்றது இந்த ஏரியிலிருந்துதான்.

விடுதலைக்குப் பின் ஆறு அரசுகளுக்கிடையிலான பொருளானது. 1963இல் நான்கு நாடுகளும் ஒரு குழுவை அமைத்தன. 1968இல் அது விரிந்த அமைப்பாயிற்று. கினிக்கும் செனகலுக்கும் மூண்ட பூசலில் அது உடைந்தது. எஞ்சிய மூன்று நாடுகளும் 1972 மார்ச்சில் செனகல் ஆற்று மேம்பாட்டு அமைப்பை நிறுவின. அவ்வாண்டும் அதற்கடுத்த ஆண்டும் சகேலை உலுக்கிய வறட்சியின் உச்சக் கட்டங்கள். வெள்ளம் ஏறாத வாலோ, ஆற்றுக்குள் 200 கிலோமீட்டருக்கும் மேல் புகுந்த கடல்நீர், மடிந்த மந்தைகள், பிரான்சின் ஆலைகளுக்குப் புறப்பட்ட சோனின்கே இனத்து இளைஞர்கள் ஆகியவை அன்றைய திட்ட வகுப்பாளர்களின் கண்முன் இருந்தன. வெள்ளத்தை நம்பி இனிப் பயனில்லை என்ற அவர்களுடைய முடிவு அந்தச் சூழலில் எளிதில் விளங்கக்கூடியதே.

சட்ட வடிவில் இவ்வமைப்பு சாதித்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1972 உடன்படிக்கை ஆற்றைப் பன்னாட்டு ஆறாக அறிவித்தது. 1978 உடன்படிக்கை அணைகள் முதலிய கட்டுமானங்களை மூன்று நாடுகளின் பிரிக்க முடியாத பொதுச்சொத்தாக்கியது. அணை எந்த மண்ணில் நின்றாலும் அது அந்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. கடன் பொறுப்பு செனகலுக்கு 42.1, மாலிக்கு 35.3, மொரித்தானியாவுக்கு 22.6 விழுக்காடு எனப் பிரிக்கப்பட்டது. மின்சாரம் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரித்தானியாவுக்கு 15 விழுக்காடு. நீரை மட்டும் எந்த நாட்டுக்கும் இத்தனை கன மீட்டர் என்று பங்கு வைக்கவில்லை. பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து என்ற பயன்களையே பங்கிட்டனர். ஆற்று நீரைக் கன அடிக் கணக்கில் பிரித்துக்கொண்டு வழக்காடும் நாடுகள் நின்று பார்க்க வேண்டிய ஏற்பாடு இது.

இரண்டு கட்டுமானங்கள் எழுந்தன. சென் லூயிக்கு மேலே தியாமாவில் 1986இல் முடிந்த கதவணை, வறண்ட பருவத்தில் கதவுகளை மூடிக் கடல்நீரைத் தடுத்து, வெள்ளக் காலத்தில் திறந்துவிடும். மாலியில் பஃபிங்கின் குறுக்கே 1988இல் முடிந்த மனந்தாலி அணை 1,100 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன் நீர்ப்பரப்புக்கு இடம்விட்டு நகர்ந்தனர். பக்கேலில் ஆண்டு முழுதும் நொடிக்கு 300 கன மீட்டர் ஓட்டம், 3,75,000 ஹெக்டேர் பாசனம், 200 மெகாவாட் மின்சாரம், மாலியின் காயஸ் நகர் வரை எப்போதும் கப்பல் என்பவை நோக்கங்கள். இவற்றில் மின்சாரம் 2001இல் வந்தது. கப்பல் வரவில்லை, பாசனம் இலக்கின் ஒரு பகுதியோடு நின்றது. பஃபிங் மட்டுமே பக்கேலுக்கு வரும் நீரில் பாதியளவைத் தருவதால், அதைத் தேக்கியதும் இயற்கை வெள்ளத்தின் உயரம் குறைந்தது. மாற்றாக உழவருக்குக் காட்டப்பட்டது சிறு பாசனத் தோட்டம்: ஆற்றின் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையின் மேல் டீசல் பம்பு, அதன் கீழ் இருபது ஹெக்டேர் போல ஊர்ப்பொது நெல்வயல், குடும்பத்துக்கு ஒரு துண்டு. வறட்சியில் அது உயிர்காத்தது. ஆனால் டீசலுக்கும் உரத்துக்கும் கடன் வேண்டும், பம்பு பழுதானால் பருவமே போகும். வாலோச் சோளத்துக்கோ விதையும் உழைப்பும் தவிர வேறு செலவில்லை.

இந்த வேறுபாட்டை முதலில் உரக்கச் சொன்னவர்கள் பக்கேல் பகுதிச் சோனின்கே உழவர்கள். பிரான்சிலிருந்து திரும்பிய ஜாபே சோ, குங்ஙானி என்னும் ஊரில் கூட்டுப்பண்ணை தொடங்கி, எதை எப்படிப் பயிரிடுவது என்பதை அரசு நிறுவனம் தீர்மானிப்பதை எதிர்த்துக் கூட்டமைப்பு ஒன்றை வளர்த்தார். அவரோடு அங்கேயே வாழ்ந்த மானிடவியலாளர் ஏட்ரியன் ஆடம்ஸ் அப்போராட்டத்தை நூல்களாக எழுதினார். 1980களின் இறுதியில் மைக்கேல் ஹோரோவிட்சும் முனீரா சேலம்-மர்டாக்கும் தலைமைதாங்கிய அமெரிக்க ஆய்வுக்குழு, மீனையும் மேய்ச்சலையும் சேர்த்துக் கணக்கிட்டால், செலுத்திய உழைப்புக்கு வடிவெள்ளச் சாகுபடியே நல்ல பலன் தருகிறது என்றும், அணையிலிருந்து ஆண்டுதோறும் செயற்கை வெள்ளம் விடுவதை நிரந்தரமாக்கலாம் என்றும் வாதிட்டது. முதலில் பத்தாண்டு இடைக்கால ஏற்பாடாக மட்டுமே கருதப்பட்ட அவ்வெள்ளம் பின்னர் அணை இயக்க விதிகளில் இடம்பெற்றது. விடும் காலமும் அளவும் பிசகினால் அதனால் பயனில்லை. தாமதமாக வரும் இரண்டாம் வெள்ளம் விதைத்த வயலையே அழித்துவிடும்.

நிலத்தின் மதிப்பு ஏறியதும் பழைய அடுக்குரிமைகள் சட்டத்தால் துடைக்கப்பட்டன. செனகல் 1964லேயே மரபுநிலங்களைத் தேசிய உடைமையாக்கியிருந்தது. மொரித்தானியா 1983இல் மரபுடைமையை ஒழித்து, பயிரிடப்படாத நிலம் அரசைச் சேரும் என்றது. தென்கரை உழவர் பலருக்கு வடகரையில் வாலோ நிலம் இருந்தது. 1989 ஏப்ரலில் தியாவரா அருகே ஆற்றுத்தீவு ஒன்றில் செனகல் உழவருக்கும் மொரித்தானிய மேய்ப்பருக்கும் எழுந்த தகராறில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில வாரங்களில் இரு தலைநகரங்களிலும் கொலையும் கொள்ளையும் நடந்தன. மொரித்தானியா தன் கறுப்பினக் குடிமக்கள் பல்லாயிரவரை ஆற்றின் தென்கரைக்குத் துரத்தியது. அவர்கள் விட்டுச்சென்ற வயல்கள் பிறர் கைக்குப் போயின. 1992 வரை இரு நாட்டுத் தூதரக உறவு அறுந்திருந்தது. ஆற்று அமைப்பு மட்டும் உடையாமல் நின்றது. அதை வெற்றியெனப் பாராட்டுவோர், ஆற்றங்கரை மனிதர் ஆற்றின் பெயராலேயே துரத்தப்பட்டபோதும் அவ்வமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தியாமாவால் கழிமுகம் ஆண்டு முழுதும் நன்னீர்த் தேக்கமானதும் சம்பு புதராக மண்டிக் கால்வாய்களை அடைத்தது, நத்தைகள் பெருகின, முன்பு உவரால் தடுக்கப்பட்டிருந்த குடல் பில்ஹார்சியா நோய் 1988இல் ரிஷார் தோலில் தென்பட்டு, சில ஆண்டுகளில் அங்குள்ள பெரும்பாலோருக்குத் தொற்றியது. ஆற்றின் முகமும் மாறியது. 2003 அக்டோபரில் சென் லூயி நகரை வெள்ளத்திலிருந்து காக்க, ஆற்றையும் கடலையும் பிரிக்கும் மணல்நாக்கில் நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினர். அது சில நாள்களில் நூற்றுக்கணக்கான மீட்டராகவும், பின்னர் கிலோமீட்டர்க் கணக்கிலும் அகன்று, கரையோர ஊர்களை விழுங்கியது. 2024 அக்டோபரில் பக்கேல், மாத்தாம் நகரங்கள் மீண்டும் பெருவெள்ளம் கண்டன; துணையாறுகளில் அணை இல்லாத வரை ஆறு முழுவதும் கட்டுக்குள் வந்துவிட்டதாக எவரும் சொல்ல முடியாது.

2002இல் கையெழுத்தான நீர்ச் சாசனம் செயற்கை வெள்ளத்தை, அசாதாரணச் சூழல் நீங்கலாக, உறுதி செய்தது. நீரை மனிதரின் அடிப்படை உரிமையாக ஏற்றது. 2006இல் கினியும் அமைப்பில் சேர்ந்தது. அணைக் கதவு எப்போது, எவ்வளவு திறப்பது என்று ஆராயும் நிரந்தர நீர் ஆணையத்தில் முடிவெடுக்கும் உரிமை அரசுப் பிரதிநிதிகளுக்கே உரியது. உழவர், மீனவர், மேய்ப்பர் சங்கங்களுக்குச் சாசனம் அளித்திருப்பது பார்வையாளர் இடம் மட்டுமே.